நகல் சொல்லும் சாட்சி

இந்திய நூறு ரூபாய் நோட்டில் இருக்கும் காந்தியின் முகத்தைச் சாதாரணமாகப் பார்த்தால் நெற்றியில் வெளிச்சம், கன்னத்தின் ஓரத்தில் மங்கல், தாடைக்குக் கீழே இருள் என்று முகம் உருண்டு திரண்டு தெரியும். அதே இடத்தில் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் நிழல் என்று எதுவும் இல்லை. கோடுகளும் புள்ளிகளும்தான் இருக்கின்றன. சாம்பல் நிற மை என்று தனியாக ஒன்று அங்கே பயன்படவில்லை. மை விழுந்த இடம், விழாத இடம் என்ற இரண்டே நிலைகள். விரல் நுனியால் தடவினால் அந்தக் கோடுகள் சற்றே மேடாகத் தட்டுப்படும். நிழலே இல்லாத தாளில் நிழல் எங்கிருந்து வந்தது? நானூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் அச்சான உருவப்படங்களைப் பார்க்கும்போதும் எழுகிற கேள்வி இதுதான். ரஃபேலோ ரெம்பிராண்டோ தீட்டிய ஓர் உருவப்படம் எங்கோ ஒரு மாளிகைச் சுவரில் தொங்கும். அதை நேரில் பார்த்தவர்கள் சில நூறு பேர் இருப்பார்கள். மற்ற உலகம் அதைக் கண்டது செப்புத் தகட்டில் செதுக்கி எடுத்த கறுப்பு வெள்ளை அச்சின் வழியாகத்தான். காமெரா வரும்வரை ஓவியங்களின் புகழ் இந்தச் செதுக்கச்சுகளின் முதுகில் ஏறித்தான் ஊர் ஊராகப் போனது.

முதல் கேள்விக்குள் இரண்டாவது ஒன்றும் ஒளிந்திருக்கிறது. வண்ணத்தை இழந்து, அளவில் சுருங்கி, இன்னொருவர் கைபட்டு வந்த நகலை எந்த அளவுக்கு நம்பலாம்? நகலென்றால் மூலத்தின் மங்கிய எச்சம், மூலம் கிடைத்துவிட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்பது பொதுவான எண்ணம். அந்த எண்ணம் தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். நகல் என்பது ஓர் அளவீடு. எல்லா அளவீட்டுக் கருவிகளையும் போல அதற்கும் பிழைகள் உண்டு. ஆனால் பிழை எந்தத் திசையில், எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், பிழையுள்ள கருவியிலிருந்தும் சரியான செய்தியைப் பெறலாம். இதைச் சோதித்துப் பார்க்க இலங்கையின் மாத்தளை மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. செதுக்கச்சின் அடிப்படை வேலை நடக்கும் அலுவிகாரையும், நகலுக்கும் மூலத்துக்கும் உள்ள உறவை இன்றும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடிய சிகிரியாவும் அங்கேதான் இருக்கின்றன.

மாத்தளை நகருக்கு வடக்கே சில கிலோமீட்டர் தூரத்தில் அலுவிகாரை இருக்கிறது. அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த பௌத்தத் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது இந்தக் குகை விகாரையில்தான் என்பது மரபு. இன்றும் அங்கே தாளிப்பனை ஓலையில் எழுதிக் காட்டுகிறார்கள். எழுத்தாணியால் கீறும்போது ஓலையில் எழுத்து அநேகமாகத் தெரிவதே இல்லை, வெறும் கீறல்தான். பிறகு எண்ணெயில் குழைத்த கரியை ஓலை முழுவதும் தேய்க்கிறார்கள். ஓலை கறுத்துப் பாழாகிவிட்டது போலத் தோன்றும். மேற்பரப்பைத் துடைத்தெடுத்தால் மேலே இருந்த மை போய்விடும், கீறலுக்குள் புகுந்த மை மட்டும் தங்கிவிடும். எழுத்து பளிச்சென்று எழும். மேட்டில் மை நிற்காமல் பள்ளத்தில் நிற்பது என்ற இந்த ஒரே விதியின் மேல்தான் செப்புத்தகட்டு அச்சும் நிற்கிறது. இதை ஆழச்சு என்று சொல்லலாம். எழுத்தாணிக்குப் பதில் நான்முக எஃகுக் கம்பியின் நுனியைச் சாய்வாகத் தீட்டிய செதுக்குளி. ஓலைக்குப் பதில் மெருகேற்றிய செப்புத் தகடு. மையைத் தேய்த்து, துடைத்து, ஈரமாக்கிய தாளை மேலே வைத்து இரண்டு உருளைகளுக்கு இடையே அழுத்தத்தோடு செலுத்தினால், தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை வாரிக்கொண்டு வரும். நோட்டில் கோடு மேடாகத் தட்டுப்படுவது அதனால்தான். ஓலை தன் மையைத் தானே வைத்துக்கொள்கிறது. தகடு தன் மையைத் தாளுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த தாளுக்குத் தயாராகிறது. ஒரு பிரதியா, ஆயிரம் பிரதியா என்ற வேறுபாடு அந்த இடத்தில் பிறக்கிறது.

பள்ளத்துக்குள் மை நிற்பது சரி, அது முகமாவது எப்படி? நம் கண்ணுக்கு ஒரு நுணுக்க எல்லை உண்டு. நல்ல பார்வை உள்ளவருக்கு அது ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் படிக்கும்போது இது 0.09 மில்லிமீட்டர்; கையை நீட்டி அறுபது சென்டிமீட்டரில் பிடித்தால் 0.17 மில்லிமீட்டர். கோடும் இடைவெளியும் இதைவிட மெலிந்தால் கண்ணால் அவற்றைப் பிரித்தறிய முடியாது. இரண்டின் ஒளியையும் கூட்டிச் சராசரியாக ஒரே சாம்பல் நிறமாக ஏற்றுக்கொள்ளும். மயில்கழுத்துப் பட்டில் பச்சை இழையும் நீல இழையும் தனித்தனியாக ஓடினாலும் தள்ளி நின்று பார்ப்பவருக்கு இரண்டும் கலந்த ஒரு நிறமே தெரிவது போன்றதுதான் இது. இழைகள் கலக்கவில்லை, பார்வைதான் கலக்கிறது. ஆனால் செதுக்குபவருக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. பாதி வெளிச்சமாகத் தெரிய வேண்டிய கன்னத்துக்குத் தாளின் பாதிப் பரப்பை மையால் மூடினால் போதும் என்று கணக்குப் போட்டால் கன்னம் வெளிறிப்போகும். ஒளி பாதியாகக் குறைந்தாலும் கண்ணுக்கு அது பாதி இருளாகத் தோன்றுவதில்லை. வெள்ளைக்கும் கறுப்புக்கும் நட்டநடு என்று நமக்குப் படும் சாம்பல் நிறம், தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. ஆகவே நடுத்தர நிழலுக்கே ஐந்தில் நான்கு பங்குப் பரப்பை மை மூட வேண்டும். இந்த எண்களை அளந்து சொல்லும் கருவி எதுவும் பதினேழாம் நூற்றாண்டுச் செதுக்குபவரிடம் இல்லை. அவர் கைப்பழக்கமாக அதைக் கற்றிருந்தார்.

ஒரு பழைய செதுக்கச்சில் கன்னத்தின் ஒரு சதுர சென்டிமீட்டரை உற்றுப் பார்த்தால் அந்தக் கைப்பழக்கம் தெரியும். வெளிச்சம் விழும் மேட்டில் கோடு மெலிந்து மெலிந்து அறுந்து புள்ளிகளாகச் சிதறியிருக்கும். காதை நோக்கிப் போகப்போக அதே கோடு தடித்துக்கொண்டே போகும். உளியை ஆழமாக அழுத்தினால் பள்ளம் அகலும், அகன்ற பள்ளம் அதிக மையைப் பிடிக்கும் என்பதால், கையின் அழுத்தமே நிழலின் அளவாகிறது. தாடையோரத்தில் முதல் வரிசைக் கோடுகளைச் சாய்வாக வெட்டிக்கொண்டு இரண்டாவது வரிசை வரும். இரண்டும் சேர்ந்து சின்னச் சின்னச் சாய்சதுரங்களாகப் பரப்பைப் பிரிக்கும். ஒவ்வொரு சாய்சதுரத்தின் நடுவிலும் ஒரு புள்ளி வைத்து நிழலை இன்னும் ஒரு படி இறக்குவார்கள். கோடுகள் வளைந்து ஓடும் திசை கன்னத்தின் வளைவைக் காட்டுகிறது என்று பலரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் முகம் தெரிவதற்கு அது கட்டாயம் அல்ல. இதைக் காட்டும் ஒரு சோதனையைப் பிரெஞ்சுச் செதுக்கோவியர் குளோத் மெல்லான் 1649-ல் தம்மை அறியாமலே செய்து வைத்திருக்கிறார். இயேசுவின் முகத்தை அவர் மூக்கு நுனியில் தொடங்கிச் சுருள் சுருளாக வெளியே விரியும் ஒரே கோட்டால் செதுக்கினார். குறுக்குக் கோடு கிடையாது, புள்ளி கிடையாது. கண்ணின் வளைவுக்கோ உதட்டின் வளைவுக்கோ அந்தச் சுருள் பணியவில்லை. மாறுவது கோட்டின் தடிமன் ஒன்றுதான். இருந்தும் கண்ணும் தாடியும் முள்முடியும் தெளிவாகத் தெரிகின்றன. திசை, தடிமன் என்ற இரண்டில் ஒன்றை நிலையாக வைத்து மற்றதை மட்டும் மாற்றியிருப்பதால், நிழலின் செய்தியைச் சுமப்பது தடிமனே என்று நாம் முடிவு கட்டலாம்.

இனி நகலின் பிழைகளுக்கு வரலாம். முதல் பிழை இடவலம் மாறுவது. தகட்டில் இருப்பது தாளில் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி விழும். இதைத் தவிர்க்கச் சிலர் கண்ணாடியில் பார்த்து இடவலம் மாற்றிச் செதுக்கினார்கள், சிலர் கவலைப்படவில்லை. இந்தப் பிழை முழுமையானது, ஒழுங்கானது. படத்தில் வாள் வலது இடுப்பில் தொங்கினால், சட்டைப் பொத்தான் மாறிக் கிடந்தால், மொத்தப் படமும் திரும்பியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு திருப்பி வாசித்துவிடலாம். இரண்டாவது பிழை வண்ணம் போவது. இதிலும் எல்லாம் போவதில்லை. சிவப்பும் நீலமும் போய்விடும், எது எதைவிட வெளிச்சமானது என்ற வரிசை தங்கிவிடும். இந்த வரிசை சில நேரம் மூலத்தில் இருப்பதைவிட நகலில் பத்திரமாக இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில உருவப்பட ஓவியர் ஜொஷுவா ரெனால்ட்ஸ் முகத்துச் சிவப்புக்குச் சாயப்பூச்சியிலிருந்து எடுத்த செஞ்சாயத்தைப் பயன்படுத்தினார். இத்தகைய உயிர்ச்சாயங்களின் மூலக்கூறுகள் ஒளி பட்டுச் சிதைந்துபோகும். அவர் வாழ்ந்த காலத்திலேயே பல முகங்கள் வெளிறின. ஆனால் அவர் ஓவியங்களைப் பார்த்து ஜேம்ஸ் மக்கார்டெல் போன்றவர்கள் எடுத்த மெஸோடின்ட் அச்சுகளில் முகத்தின் நிழல் அப்படியே இருக்கிறது. தகடு முழுவதையும் பல்லுள்ள கருவியால் சொரசொரப்பாக்கி, வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் சுரண்டி மழமழப்பாக்குவது மெஸோடின்ட் முறை. அச்சு மையின் கறுப்பு கரியால் ஆனது. கரிக்கு வெளிறத் தெரியாது. மூலம் மாறிப்போனது, நகல் மாறவில்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி நியாயமாகவே எழும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காமெரா வந்துவிட்டதே, அதற்குப் பிறகு கையால் எடுத்த நகலுக்கு என்ன மதிப்பு? காமெராவின் வரலாறே இந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கிறது. ஒளியைக் கொண்டு தகட்டில் உருவம் பதிக்கும் முயற்சியில் வெற்றி கண்டவர்களில் முதல்வரான நிசெஃபோர் நியெப்ஸ் 1826-ல் நகலெடுத்தவற்றுள் ஒன்று, கர்தினால் தம்புவாஸின் உருவப்படத்தைக் காட்டும் ஒரு பழைய செதுக்கச்சு. அது அவருக்கு வசதியாக இருந்தது தற்செயல் அல்ல. செதுக்கச்சில் சாம்பல் நிறம் கிடையாது, வண்ணமும் கிடையாது. கோடு உண்டா, இல்லையா என்பதை மட்டும் தகடு கண்டுபிடித்தால் போதும். வண்ண ஓவியம் முன்னால் வந்ததும் காமெரா தடுமாறியது. வெள்ளி உப்புகளால் ஆன பழைய தகடுகளுக்கு நீல ஒளியும் ஊதா ஒளியும்தான் தெரியும். சிவப்பு அவற்றுக்கு இருட்டு. 1873-ல் ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோகல் தகட்டில் சில சாயங்களைச் சேர்த்தால் அது பச்சையையும் மஞ்சளையும் உணரத் தொடங்குவதைக் கண்டார். சிவப்பு உட்பட எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் கடைகளில் கிடைக்க 1906 ஆயிற்று. மனிதக் கண்ணோ பச்சை கலந்த மஞ்சளுக்குத்தான் மிகக் கூர்மையானது. அதனால் காவி நிற முகத்தைப் பார்த்துச் செதுக்குபவர் அதற்கு இள நிழல் கொடுப்பார். அதே முகத்தைப் பழைய காமெரா கருமையாகக் காட்டும். காமெரா பொய் சொல்லாது என்பார்கள். பொய் சொல்லவில்லை, அதற்குக் காவி தெரியவில்லை.

மாத்தளை மாவட்டத்தின் வடகோடியில் உள்ள சிகிரியா முன்னால் வருவது இங்கேதான். சமவெளியிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் செங்குத்தாக எழும் அந்தப் பாறையின் மேல் காசியப்பன் கி.பி. 477 முதல் 495 வரை இருந்து ஆண்டான். பாறையின் மேற்கு முகத்தில், நடு உயரத்தில் குடைந்தது போன்ற ஒரு மடிப்பில் அவன் காலத்துப் பெண் உருவங்கள் இருபதை ஒட்டிய எண்ணிக்கையில் எஞ்சியிருக்கின்றன. முக்கால் பக்கம் திரும்பிய முகங்கள், கையில் மலர், இடுப்புக்குக் கீழே மேகம். ஒரு காலத்தில் 140 மீட்டர் நீளமும் 40 மீட்டர் உயரமும் உள்ள பரப்பு முழுவதும் ஓவியமாக இருந்திருக்கலாம் என்று தொல்லியலாளர் ஜோன் ஸ்டில் கருதினார். எஞ்சியவற்றில் மேலோங்கி நிற்பவை சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகிய மண் நிறங்கள். சிவப்பும் மஞ்சளும் இரும்பு ஆக்சைடு கலந்த காவிகள். துருப்பிடித்து முடிந்த இரும்புக்கு ஒளி பட்டு மேலும் கெட ஒன்றும் இல்லை. ரெனால்ட்ஸின் கன்னங்கள் சில பத்தாண்டுகளில் வெளிற, காசியப்பனின் ஓவியர் தீட்டிய கன்னங்கள் பதினைந்து நூற்றாண்டு தாக்குப்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பழைய காமெராவுக்குப் பிடிபடாத நிறங்களும் இவையேதான். 1889-ல் பொதுவேலைத் திணைக்களத்தைச் சேர்ந்த மரே ஓவியக் குகைக்கு ஏறி வண்ணக் கட்டிகளால் நகல்கள் எடுத்தார். 1890-ல் தொல்பொருள் ஆணையாளராகப் பொறுப்பேற்ற எச்.சி.பி. பெல் 1894-ல் சிகிரியாவில் அகழ்வைத் தொடங்கினார். அவருடைய வரைஞர் டி.ஏ.எல். பெரேரா 1896, 1897 ஆண்டுகளில் எண்ணெய் வண்ணத்தில் நகல்கள் தீட்டினார். அவை கொழும்புத் தேசிய நூதனசாலையைச் சேர்ந்தன. எல்லா நிறத்தையும் காணும் காமெராத் தகடு சந்தைக்கு வரப் பத்தாண்டுகள் இருந்த அந்த நேரத்தில், சிகிரியாவின் நிற ஒழுங்கை முழுதாகப் பதியக்கூடிய கருவி மனிதக் கண்ணும் கையும்தான்.

இந்த நகல்களை எப்படிச் சோதிப்பது? ஓலைச்சுவடிப் பதிப்பாளர்களின் வழி இங்கே அப்படியே கைகொடுக்கும். உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கிடைத்த ஏடுகளை எல்லாம் பக்கத்தில் வைத்துப் பாடபேதம் பார்த்தார். ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு ஏடுகள் ஒரே பாடத்தைச் சொன்னால் அது மூலத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு ஏட்டைப் பார்த்து எழுதிய பத்து ஏடுகள் இருந்தாலும் சாட்சி ஒன்றுதான். மரே எடுத்ததும் பெரேரா எடுத்ததும் அவ்வாறே இரண்டு ஏடுகள். ஏழு எட்டு ஆண்டு இடைவெளியில், வெவ்வேறு கைகளால், வெவ்வேறு ஊடகத்தில் சுவரையே பார்த்து எடுத்தவை. இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் அந்தக் கோடு சுவரில் இருந்தது என்று துணிந்து சொல்லலாம். வேறுபடும் இடத்தில் யாருடைய கை பேசுகிறது என்று பார்க்க வேண்டும். பதிப்பாளர்கள் கையாளும் இன்னொரு விதியும் உண்டு: எளிதான பாடமும் கடினமான பாடமும் எதிரெதிரே வந்தால் கடினமானதையே பெரும்பாலும் மூலமாகக் கொள்வார்கள், ஏனென்றால் எழுதுபவர் கடினத்தை எளிதாக்குவார், எளிதைக் கடினமாக்க மாட்டார். சிகிரியாவில் ஒரு பெண் உருவத்தில் மூன்றாவது கை ஒன்று இருப்பது போலக் கோடு தெரியும். ஓவியர் முதலில் ஓரிடத்தில் கையை வரைந்து, மனம் மாறி வேறிடத்தில் வரைந்து, முதல் கையை மூடியிருக்கிறார். மேற்பூச்சு தேய்ந்ததும் பழைய கோடு வெளியே வந்துவிட்டது. நகலெடுப்பவர் இந்த இடத்தில் அழகுக்காக அதை விட்டுவிடலாம், உள்ளதை உள்ளபடி வரையலாம். யாரும் கற்பனையாக ஒரு மூன்றாவது கையைச் சேர்க்க மாட்டார்கள். எனவே நகலில் இப்படி அசௌகரியமான விவரங்கள் தங்கியிருந்தால் அந்த நகலின் நேர்மைக்கு அவையே அத்தாட்சி.

இந்த நகல்கள் 1967 ஒக்டோபருக்குப் பிறகு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகின்றன. அந்த மாதம் ஓவியக் குகைக்குள் புகுந்தவர்கள் உருவங்களின் மேல் பச்சை வண்ணத்தைப் பூசினார்கள். சில இடங்களில் சாந்தையே பெயர்த்தெடுத்தார்கள். இத்தாலிய நிபுணர் லூச்சியானோ மராஞ்சியின் உதவியோடு சீரமைப்பு நடந்தது. பூசிய வண்ணத்தைக் கரைத்து எடுத்துவிடலாம், பெயர்ந்து விழுந்த சாந்து திரும்பாது. அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதை அறிய மிஞ்சியிருப்பவை பழைய நகல்களும் பழைய ஒளிப்படங்களும்தான். இங்கேதான் கருவியைச் சரிபார்க்கும் முறை முழு வலிமையோடு பயன்படுகிறது. சேதமில்லாத உருவங்களைப் பெரேராவின் நகலோடு அடி அடியாக ஒப்பிட்டால் அவர் எந்த நிறத்தைச் சற்றுக் கூட்டுகிறார், எந்தக் கோட்டைச் சற்று மெருகேற்றுகிறார் என்பது தெரிந்துவிடும். அந்தப் போக்கைக் கழித்துவிட்டுச் சேதமான உருவத்தின் நகலைப் படித்தால் கிடைப்பது பெரேராவின் ஓவியம் மட்டும் அல்ல, இழந்த சுவரின் ஒரு மதிப்பீடு. இது வெறும் யோசனையல்ல. ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட் 1642-ல் தீட்டிய 'இரவுக் காவல்' என்ற குழு உருவப்படத்தை 1715-ல் நகர மண்டபத்தின் சுவருக்குப் பொருத்துவதற்காக நான்கு பக்கமும் வெட்டினார்கள். வெட்டிய துண்டுகள் காணாமல் போயின. ஆனால் வெட்டுவதற்கு முன் கெரிட் லுண்டென்ஸ் என்பவர் சிறிய அளவில் ஒரு நகல் தீட்டியிருந்தார். 2021-ல் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் ஒரு கணினி நிரலுக்கு இரண்டு படங்களிலும் பொதுவாக உள்ள பகுதியைக் காட்டி, லுண்டென்ஸின் கையை ரெம்பிராண்டின் கையாக மாற்றும் விதியை அதற்குப் பழக்கியது. பிறகு லுண்டென்ஸிடம் மட்டும் இருந்த ஓரப்பகுதிகளை அதே விதியால் மாற்றி, மூலத்தின் இழந்த விளிம்புகளை மீட்டது. மூலமும் நகலும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் பகுதி அளவுகோலாக இருக்கும்வரை, பொருந்தாத பகுதியையும் நம்பிப் படிக்கலாம்.

இதை மறுப்பவர்கள் சொல்லக்கூடியவை குறைந்தது மூன்று. முதலாவது, நகலெடுப்பவரின் ரசனை. விக்டோரியா காலத்துப் பயிற்சி பெற்றவர் எந்த முகத்தையும் தமக்குப் பழக்கமான அழகுக்கு இழுத்துவிடுவார் என்பார்கள். இழுப்பார் என்பதில் ஐயமில்லை. ஆனால் ரசனை தாறுமாறான பிழை அல்ல, ஒரே பக்கம் சாயும் பிழை. ஐரோப்பியப் பயிற்சி பெற்ற கை நிழலைக் கூட்டும், புறக்கோட்டை மென்மையாக்கும். தாறுமாறான பிழையைத் திருத்த முடியாது, எப்போதும் ஒரே பக்கம் சாயும் தராசைத் திருத்திப் படிக்கலாம். இரண்டாவது மறுப்பு, நகலின் நகல். ஒரு வரைஞரின் நகலைப் பார்த்து இன்னொருவர் தீட்டி, அதைப் பார்த்து மரத்தில் செதுக்கி, அதைப் புத்தகத்தில் அச்சிட்டால் ஒவ்வொரு படியிலும் பிழை சேரும். இது மிகச் சரியான எச்சரிக்கை. அதனால்தான் ஒரு பழைய படத்தைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது அது எப்படி இருக்கிறது என்பதை அல்ல, எதைப் பார்த்து எடுக்கப்பட்டது என்பதை. இருந்தாலும் மூன்றாம் கைக்கு வந்த நகல்கூடக் குப்பை ஆகிவிடாது. அஜந்தா இதற்கு நேரடிச் சான்று. 1844 முதல் ரொபர்ட் கில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அஜந்தா ஓவியங்களை நகலெடுத்தார். லண்டனில் காட்சிக்கு வைத்திருந்த அந்த நகல்களில் பெரும்பாலானவை 1866-ல் கிறிஸ்டல் மாளிகைத் தீயில் எரிந்துபோயின. 1872-ல் தொடங்கி ஜோன் கிரிஃபித்ஸும் அவருடைய மாணவர்களும் மறுபடி எடுத்த நகல்களிலும் பல 1885-ல் இன்னொரு தீயில் அழிந்தன. கில்லின் சில நகல்களைப் பார்த்து ஜோர்ஜ் ஷார்ஃப் வரைந்தவை 1856-ல் ஒரு புத்தகத்தில் மரச்செதுக்கச்சுப் படங்களாக வெளிவந்திருந்தன. நகல் எரிந்தது, நகலின் நகலான அச்சு பல பிரதிகளாகப் பரவியிருந்ததால் பிழைத்தது. ஒரே ஒரு பொருளாக இருப்பதைவிட நூறு இடங்களில் சிதறியிருப்பது பாதுகாப்பு என்பதை அச்சு நிரூபித்த இடம் அது.

மூன்றாவது மறுப்பு இன்றைய கருவிகளின் பக்கத்திலிருந்து வருகிறது. அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்தால் மேற்பூச்சுக்குக் கீழே உள்ள கரிக்கோடு தெரியும். எக்ஸ் கதிர் பட்டுத் தனிமங்கள் உமிழும் ஒளியை அளந்தால் எந்த நிறத்தில் இரும்பு, எதில் ஈயம் என்று சொல்லலாம். முப்பரிமாண வருடி பாறையின் வளைவையும் மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கும். இவ்வளவு இருக்கும்போது கையால் எடுத்த நகல் எதற்கு? இந்தக் கருவிகள் எவ்வளவு நுட்பமானவையானாலும் அவை இன்றைய சுவரை மட்டுமே பார்க்கும். 1889-ல் இருந்த சுவரை இனி எந்தக் கருவியும் பார்க்க முடியாது. நுட்பம் குறைந்த, ஆனால் நூற்றுமுப்பது ஆண்டு பழைய அளவீட்டுக்கு மாற்று கிடையாது. வானிலை அறிஞர்கள் பழைய வெப்பமானிக் குறிப்பேடுகளைத் தூக்கிப் போடாமல், அந்த வெப்பமானியின் பிழையைக் கண்டறிந்து திருத்திப் பயன்படுத்துவது இதே காரணத்தால்தான். புதிய கருவி பழைய நகலைத் தேவையற்றதாக்கவில்லை. அதைச் சரிபார்க்கும் உரைகல்லாகி அதன் மதிப்பைக் கூட்டியிருக்கிறது.

இந்தச் சோதனையால் விளையும் பயன் ஒப்பனைச் சீரமைப்போடு முடிவதில்லை. சிகிரியாப் பெண்கள் யார் என்ற வாதம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கிறது. பெல், அவர்கள் பக்கத்திலுள்ள பிதுரங்கல விகாரைக்கு வழிபடப் போகும் அரச மகளிர் என்றார். கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி அவர்களை விண்ணுலக மகளிராகக் கண்டார். தொல்லியலாளர் பரணவிதான மின்னலும் மேகமும் பெண்ணுருக் கொண்டவை என்றார். இந்த வாதத்தின் ஒரு நுனி இடுப்புக்குக் கீழே உள்ள மேகத்தில் தொங்குகிறது. அது மேகம்தானா, முழு உருவத்தையும் வரையும் வேலையைக் குறைக்க ஓவியர் கண்ட வழியா, சாந்து உதிர்ந்ததால் வந்த விளிம்பா? உதிர்ந்துகொண்டே வரும் ஒரு விளிம்பில் 1889-லும் 1897-லும் கோடு எங்கே முடிந்தது என்று தெரிவது, இன்று அதே விளிம்பை ஆயிரம் தடவை படமெடுப்பதைவிடப் பயனுள்ளது. அவர்கள் குறிப்பிட்ட மனிதர்களின் உருவப்படங்களா, பொது அழகின் வடிவங்களா என்பதற்கான விடை இத்தகைய சிறு கோடுகளைச் சேர்த்துத்தான் வர வேண்டும்.

ஆகவே ஒரு பழைய செதுக்கச்சையோ ஓவிய நகலையோ மதிப்பிடும்போது, மூலத்தைப் போல அழகாக இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்விதான். யார் எடுத்தார், எந்த ஆண்டில், சுவரைப் பார்த்தா இன்னொரு நகலைப் பார்த்தா, எந்த முறையில், அந்த முறை எதைத் தக்கவைக்கும், எதைத் தொலைக்கும் என்பவையே முதல் கேள்விகள். இவற்றுக்கு விடை இருக்கும் சுமாரான நகல், விடை இல்லாத அழகான நகலைவிட அதிகம் சொல்லும். நூதனசாலைகள் நகல்களைக் கிடங்கின் பின்வரிசைக்குத் தள்ளுவதும், அவற்றின் பின்பக்கத்தில் ஒட்டிய சீட்டுகளைக் கிழித்துவிட்டுப் புதுச் சட்டம் போடுவதும் இந்த விடைகளைத்தான் அழிக்கின்றன. தம்புள்ளைக் குகை விகாரைகள் முதல் ஊர்க் கோயில்களின் சுவர்கள் வரை புதுப்பிப்பும் மறுபூச்சும் மரபாகவே நடந்துவரும் மாவட்டத்தில், பூசுவதற்கு முன் தேதியும் முறையும் குறித்து ஒரு நகல் எடுத்து வைப்பது செலவில்லாத காப்பீடு. அந்த நகலில் பிழை இருக்கும். பிழை எப்படிப்பட்டது என்று எழுதி வைத்துவிட்டால், பின்னால் வருபவர்கள் அதைக் கழித்துவிட்டுப் படித்துக்கொள்வார்கள்.